ஆசை வேற, இலக்கு வேற: சொந்தத் தொழிலுக்கு ஒரு பக்கத் திட்டம்



"எதிர்காலத்துல என்ன செய்யப் போற?" என்று நம்ம பிள்ளைகளைக் கேட்டால், "சொந்தமா ஒரு பிஸ்னஸ் பண்ணணும்" என்ற பதில் அடிக்கடி வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் அடுத்த கேள்வியாக, "என்ன தொழில்? யாருக்கு? எப்போ? எவ்வளவு முதல்?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் பேச்சு நின்றுவிடும். "முதல்ல ஆரம்பிச்சிடுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

அப்புறம் பார்த்துக்கொள்ளும்போது யாருடைய பணம் உள்ளே இருக்கும்? பெரும்பாலும் அம்மாவின் நகை அடகுக்கடையில் இருக்கும். இல்லாவிட்டால் அப்பாவின் சேமநிதிப் பணம், அக்காவின் கல்யாணச் சேமிப்பு. அதனால்தான் இந்தப் பாடம். கையில் ஒரு தாள், ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். படித்து முடிக்கும்போது, உங்கள் தொழிலின் தூரநோக்கும் இலக்கும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

பாடம் முழுக்க ஒரே ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கிள்ளானில் ஒரு தம்பி. ஏர்கோன் பழுதுபார்க்கும் பயிற்சி முடித்திருக்கிறார். இரண்டு வருஷம் வேறொருவரிடம் வேலை செய்து அனுபவமும் இருக்கிறது. இப்போது சொந்தமாக ஏர்கோன் சர்வீஸ் தொழில் தொடங்க நினைக்கிறார். அவர் கற்பனைத் தம்பிதான். கீழே அவருக்காகப் போடும் செலவுக் கணக்கும் மாதிரிக் கணக்குதான். உங்கள் தொழிலுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தூரநோக்கு என்றால் என்ன?

"பெரிய ஆளா வரணும்", "மாசம் பத்தாயிரம் வெள்ளி சம்பாதிக்கணும்", "யாருக்கும் கீழ வேலை செய்யக்கூடாது". இதெல்லாம் தூரநோக்கு இல்லை. இவை நம்மைப் பற்றிய ஆசைகள். வாடிக்கையாளருக்கு நம்ம ஆசையைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அவர் வீட்டு ஏர்கோனில் தண்ணி சொட்டுது, அதுதான் அவர் கவலை.

நான் பொறியியல் படிக்கும் மாணவன். எங்கள் வகுப்பில் ஒரு பொருளை வடிவமைக்கச் சொன்னால், முதலில் படம் வரைய விடமாட்டார்கள். "இது யாருக்கு? என்ன தேவையைத் தீர்க்கணும்?" என்று எழுதச் சொல்வார்கள். தொழிலுக்கும் அதேதான். தூரநோக்கு என்பது, யாருடைய, எந்தப் பிரச்சினையை, எப்படித் தீர்க்கப் போகிறோம் என்ற ஒரே வாக்கியம்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. இன்று நாம் கிராப் என்று அழைக்கும் சேவை, 2012-இல் கோலாலம்பூரில் மைடெக்ஸி என்ற பெயரில் தொடங்கியது. ஆந்தனி டானும் டான் ஹூய் லிங்கும் அதைத் தொடங்கியபோது கையில் எடுத்த பிரச்சினை மிகவும் தெளிவானது: டாக்சியில் ஏறும் பயணிகளுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பாதுகாப்பு. உணவு விநியோகம், பணப்பரிமாற்றம் எல்லாம் பிறகு வந்தவை. முதல் நாளிலேயே எல்லாவற்றையும் செய்ய அவர்கள் கிளம்பவில்லை.

சரி, நம்ம தம்பி எப்படி எழுதலாம்? "கிள்ளான் வட்டாரக் குடும்பங்களின் வீட்டு ஏர்கோனுக்கு, சொன்ன நேரத்தில் வந்து, முன்கூட்டியே சொன்ன விலைக்கு, சுத்தமாக வேலை முடித்துத் தருவேன்."

இதில் "நம்பர் ஒன்", "உலகத் தரம்" மாதிரி வார்த்தை எதுவும் இல்லை, பாருங்கள். ஆனால் இதைப் படிக்கும் ஓர் அம்மாவுக்கு, "இந்தப் பையனைக் கூப்பிடலாம்" என்று தோன்றும். அது போதும்.

2. எதைச் செய்ய மாட்டேன்?

நல்ல தூரநோக்கைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அது உங்களை எதற்காவது "வேண்டாம்" சொல்ல வைக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் "சரி" சொல்ல இடம் கொடுக்கும் வாக்கியம் நமக்கு வழிகாட்டாது.

ஏர் ஆசியாவை எடுத்துக்கொள்வோம். 2001-இல் டோனி ஃபெர்னாண்டஸும் கூட்டாளிகளும் அதை 1 ரிங்கிட்டுக்கு வாங்கியபோது, கூடவே சுமார் 4 கோடி ரிங்கிட் கடனும் வந்தது. விமானங்கள் இரண்டே இரண்டு. அவர்கள் எடுத்துக்கொண்ட நோக்கம், சாதாரண மனிதனும் விமானத்தில் போக முடியவேண்டும் என்பது. அந்த நோக்கம்தான் மற்ற முடிவுகளையும் எடுத்துக் கொடுத்தது. டிக்கெட் மலிவாக இருக்கவேண்டும் என்றால் இலவசச் சாப்பாடு கிடையாது, வேண்டியவர் காசு கொடுத்து வாங்கலாம். விமானம் தரையில் நின்றால் வருமானம் இல்லை, அதனால் இறங்கி 25 நிமிடத்தில் மறுபடி கிளம்பணும். பல வகை விமானம் வைத்தால் உதிரிப் பாகமும் பயிற்சியும் செலவு, அதனால் குறுகிய தூரத்துக்கு ஒரே வகை விமானம். இந்த "வேண்டாம்" எல்லாம் சேர்ந்துதான் மலிவான டிக்கெட் ஆனது.

நம்ம தம்பியின் "வேண்டாம்" பட்டியல் இப்படி இருக்கலாம்:

• தொழிற்சாலை, பேரங்காடி ஏர்கோன் வேலை இப்போதைக்கு வேண்டாம். அதற்கு ஆளும் கருவியும் வேற.
• வீட்டு வயரிங் மாற்றும் வேலையை எடுக்கமாட்டேன். அதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.
• சிரம்பானில் இருந்து ஒரே ஒரு வேலை வந்தால் போகமாட்டேன். போய் வருவதற்குள் கிள்ளானில் இரண்டு வீட்டுக்கு நேரம் தவறிவிடும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். வேலை வருகிறது, காசும் வருகிறது, ஆனாலும் வேண்டாம் என்கிறார். "சொன்ன நேரத்தில் வருவேன்" என்று தூரநோக்கில் எழுதியதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

3. இலக்கு: சங்கல்பம் மாதிரி சொல்லணும்

தூரநோக்கு திசையைக் காட்டும். எவ்வளவு தூரம், எந்தத் தேதிக்குள் என்பதைச் சொல்வது இலக்கு.

கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது குருக்கள் என்ன செய்கிறார்? சங்கல்பம் சொல்கிறார். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தத் திதி, எந்த இடம், யாருடைய பெயர், என்ன நட்சத்திரம், எதற்காக இந்த வழிபாடு என்று ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். "ஏதோ நல்லது நடக்கட்டும்" என்று பொதுவாக விட்டுவிடுவதில்லை. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இலக்கு எழுதும் முறையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. யார், எங்கே, எப்போது, எவ்வளவு, எதற்காக. இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் அது இலக்கு. இல்லாவிட்டால் ஆசை.

"நிறைய கஸ்டமர் பிடிக்கணும்" என்பது ஆசை. "தொழில் தொடங்கி 90 நாளுக்குள், கிள்ளான் வட்டாரத்தில், மாதம் 38 ஏர்கோன் சர்வீஸ் செய்வேன்" என்பது இலக்கு.

அது என்ன 38? ஏன் 40 இல்லை, 50 இல்லை? அங்கேதான் கணக்கு வருகிறது.

4. எண் எங்கிருந்து வரணும்?

இலக்கில் போடும் எண்ணை ஆசையிலிருந்து எடுக்கக்கூடாது. செலவிலிருந்து எடுக்கணும். தம்பியின் மாதாந்திர நிலையான செலவு இது:

• பழைய வேன் தவணை, காப்புறுதி: 650 வெள்ளி
• கைப்பேசி, இணையம்: 60 வெள்ளி
• விளம்பரம்: 90 வெள்ளி
• கருவிப் பராமரிப்பு: 100 வெள்ளி
• தன் சம்பளம்: 1,700 வெள்ளி
• மொத்தம்: 2,600 வெள்ளி

"என் சொந்தக் கடைதானே, எனக்கு எதுக்குச் சம்பளம்?" என்று பலர் அந்த வரியை விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அந்த அளவுகூட உங்களுக்குக் கொடுக்க முடியாத தொழில் லாபத்தில் ஓடவில்லை. உங்கள் உழைப்பை இலவசமாகத் தின்றுகொண்டு ஓடுகிறது.

ஒரு சர்வீசுக்கு 90 வெள்ளி வாங்குகிறார் என்று வைப்போம். பெட்ரோல், டோல், சுத்தம் செய்யும் திரவம் எல்லாம் சேர்த்து ஒரு வேலைக்கு 20 வெள்ளி போகிறது. மிச்சம் 70. இப்போது 2,600-ஐ 70-ஆல் வகுத்தால் 37.14. அதாவது மாதம் 38 வேலை செய்தால்தான் கையைக் கடிக்காது. மாதம் 24 நாள் வேலை செய்தால், ஒரு நாளைக்கு இரண்டு வேலைகூட வேண்டாம். தினமும் இரண்டு கிடைத்தால் மாதம் 48 ஆகும், 760 வெள்ளி மிஞ்சும்.

இப்போது பக்கத்துத் தாமானில் ஒருவர் 60 வெள்ளிக்குச் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, தம்பியும் விலையை 60 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையில் மிச்சம் 70-லிருந்து 40 ஆகிவிடும். 2,600-ஐ 40-ஆல் வகுத்தால் 65. விலையைக் குறைத்தது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் உயிர் பிழைக்கத் தேவையான வேலை 38-லிருந்து 65-க்கு ஏறிவிட்டது. இந்தக் கணக்கு தெரியாமல்தான் "பிஸியா இருக்கேன், ஆனா காசு நிக்கல" என்ற நிலைமை வருகிறது.

திருக்குறளின் பொருட்பாலில் நான்கு அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன: 47 தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். முதலில் எண்ணிப் பார், பிறகு உன் பலத்தை அறி, பிறகு நேரம், பிறகு இடம். அரசனுக்குச் சொன்னது என்றாலும் கடை திறப்பவருக்கும் அந்த வரிசை அப்படியே பொருந்தும். அதிலும் லாபம் வரும் என்று நம்பி, கையில் இருக்கும் முதலையே இழக்கும் காரியத்தில் அறிவுடையவர்கள் இறங்கமாட்டார்கள் என்ற கருத்து 47-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. நாம் மேலே போட்டது அந்தக் கணக்குதான்.

5. பெரிய இலக்கைப் படிக்கட்டாக உடைக்கணும்

தம்பிக்கு ஓர் ஆள் வைத்துத் தொழிலை வளர்க்க ஆசை. எப்போது வைக்கலாம்? சம்பளம் 1,700. முதலாளி கட்டவேண்டிய சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சொக்சோவும் சேர்ந்தால் 2,000-ஐ நெருங்கும். 2,000-ஐ 70-ஆல் வகுத்தால் 29 வேலை. ஏற்கெனவே வேண்டிய 38-ஐயும் சேர்த்தால் 67. ஆக, மாதம் 67 வேலை தொடர்ந்து வரும்வரை ஆள் வைக்கும் பேச்சே வேண்டாம். இப்போது படிகள் தானாகத் தெரிகின்றன:

• மூன்றாம் ஆண்டு முடிவில்: ஓர் ஊழியருடன் மாதம் 120 வேலை.
• முதல் ஆண்டு முடிவில்: தொடர்ந்து மூன்று மாதம் 67 வேலைக்குக் குறையாமல்.
• முதல் 90 நாளில்: மாதம் 38 வேலை.
• இந்த வாரம்: 10 வேலை.

இன்னொரு விஷயமும் உண்டு. பத்துப் பேர் கூப்பிடுவது நம்ம கையில் இல்லை. ஆனால் 200 வீட்டுக்கு அட்டை கொடுப்பது நம்ம கையில் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர் இருபது பேருக்கு, "அண்ணே, சர்வீஸ் செஞ்சு ஆறு மாசம் ஆச்சு, வந்து பார்க்கட்டுமா?" என்று வாட்ஸ்அப் அனுப்புவதும் நம்ம கையில்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வாரமும் இரண்டு எண் எழுதுங்கள்: கிடைக்கவேண்டிய முடிவு ஒன்று, நாம் செய்யவேண்டிய வேலை ஒன்று. முடிவு வராத வாரத்தில் மனசு உடையும். அப்போது, "என் வேலையை நான் செஞ்சேனா?" என்று பார்த்து, செய்யவில்லை என்றால் செய்யுங்கள். செய்தும் வரவில்லை என்றால் முறையை மாற்றுங்கள்.

6. ஏர்கோன் நமக்குச் சொல்லித்தரும் பாடம்

ஏர்கோனை 24 பாகையில் வைக்கிறோம். உள்ளே இருக்கும் உணர்கருவி அறையின் வெப்பத்தை அளந்துகொண்டே இருக்கும். அறை 28-இல் இருந்தால் கம்ப்ரெசர் ஓடும். 24-ஐத் தொட்டதும் ஓய்வெடுக்கும் அல்லது வேகம் குறையும். உணர்கருவி கெட்டுப்போனால் என்ன ஆகும்? கம்ப்ரெசர் நல்லாத்தான் இருக்கும், ரிமோட்டில் 24 என்றுதான் காட்டும், ஆனால் அறை ஒன்று ஐஸ் பெட்டி ஆகும், இல்லாவிட்டால் வியர்க்கும்.

நம்ம இலக்கு அந்த 24 மாதிரி. நம்ம உழைப்பு கம்ப்ரெசர். கணக்குப் புத்தகம்தான் உணர்கருவி. இலக்கும் உழைப்பும் இருந்தும் பல தொழில் ஏன் படுத்துவிடுகிறது என்றால், நடுவில் அளக்கும் கருவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு அரை மணி நேரம் போதும். இந்த வாரம் எத்தனை வேலை, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யார் இன்னும் பாக்கி. நாலு வரி. தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ஒரே பையில் வீட்டுப் பணமும் கடைப் பணமும் கலந்தால் எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

7. நிறுத்தும் கோடு

யாரும் எழுத விரும்பாத வரி இதுதான்: எந்த நிலைமை வந்தால் நான் நிறுத்துவேன்?

தம்பியின் முதலைப் பார்ப்போம். கருவிகள் 3,000, வேன் முன்பணம் 2,000, மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு 7,800. மொத்தம் 12,800 வெள்ளி. அந்த 7,800 இல்லாமல் தொடங்கினால் முதல் மாதமே கடன் வாங்கவேண்டி வரும். அதனால் அதைச் சேர்க்கும்வரை வேலையை விடாமல், வார இறுதியில் மட்டும் சர்வீஸ் செய்து வரலாம். அது தாமதம் இல்லை, அதுதான் முதல் படி.

நிறுத்தும் கோட்டை இப்படி எழுதலாம்: "ஆறாவது மாத முடிவில், கடைசி மூன்று மாதச் சராசரி 38-க்குக் கீழே இருந்து, சேமிப்பும் 2,600-க்கு இறங்கிவிட்டால், முழுநேரத் தொழிலை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவேன். புதிதாகக் கடன் வாங்கமாட்டேன்." மனசு அமைதியாக இருக்கும்போதே இதை எழுதி வையுங்கள். நஷ்டம் வந்த பிறகு, "இன்னும் ஒரே ஒரு மாசம்" என்று மனசு கெஞ்சிக்கொண்டே இருக்கும். அம்மாவின் கடைசி வளையல் அந்த ஒரு மாதத்தில்தான் போகும்.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், முறையான இடத்தில் கேளுங்கள். தெக்குன் நேஷனல் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்கும் சட்டம் எல்லை வைத்திருக்கிறது: அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானம் இருந்தால் 12 விழுக்காடு. 5,000 வெள்ளிக்கு ஆண்டு வட்டி 900-ஐத் தாண்டக்கூடாது. ஆலோங்கிடம் மாதம் 10 விழுக்காடு என்று வாங்கினால், அதே 5,000-க்கு ஒரே வருஷத்தில் வட்டி மட்டும் 6,000. எந்த ஏர்கோன் சர்வீசும் அந்த வட்டியைக் கட்டாது.

8. பதிவும் பாதுகாப்பும்

தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.-இல் பதிவு செய்யவேண்டும். இது 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம். 18 வயது ஆகியிருக்கணும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஏணியில் ஏறி வேலை செய்பவர் விழுந்தால் என்ன ஆகும்? சுயதொழில் செய்பவருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு, 2017-இல் அதற்கென்றே சட்டம் வந்தது. இந்த இரண்டையும் உங்கள் முதல் 90 நாள் இலக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

பயிற்சி

இப்போது உங்கள் தாளில் எழுதுங்கள்:

1. யாருடைய, எந்தப் பிரச்சினையை, எப்படித் தீர்ப்பேன்? ஒரே வாக்கியம்.
2. செய்யமாட்டேன் என்று சொல்லும் மூன்று விஷயம்.
3. மாதாந்திர நிலையான செலவு. அதில் உங்கள் சம்பளமும் இருக்கட்டும்.
4. ஒரு விற்பனையில் நிஜமாக மிஞ்சும் தொகை. மூன்றை நான்கால் வகுத்தால் வரும் எண்.
5. மூன்று ஆண்டு, ஓர் ஆண்டு, 90 நாள், இந்த வாரம்: நான்கு இலக்கு.
6. நிறுத்தும் கோடு.

எழுதி முடித்ததும் அந்தத் தாளை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். "தொழில் செய்யப் போறேன்" என்று வெறும் வாயால் சொன்னால், "முதல்ல படிச்சு முடி" என்றுதான் பதில் வரும். அவர்கள் பயப்படுவது தொழிலைப் பார்த்து இல்லை, கணக்கில்லாத தொழிலைப் பார்த்து. ஆறாவது வரியை அவர்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டுங்கள். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த பிள்ளையை நம்பிப் பணம் கொடுக்க அவர்களுக்கும் மனசு வரும். கொடுக்க முடியாவிட்டாலும், அந்தக் கணக்கில் நீங்கள் பார்க்காமல் விட்ட ஒரு செலவையாவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். அதுவும் முதல்தான்.